பல்லுக்கு வெல்லமும் சர்க்கரைதான்

பொங்கல் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பல்லைப் பற்றியவையே மிகுதி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கி வெளியிடுகிறோம். கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர் எங்கள் பல் மருத்துவர்.

எங்கள் வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பாலுக்குக் கருப்பட்டி, பள்ளிக்குக் கொடுத்தனுப்பக் கடலைமிட்டாய் அல்லது எள்ளுருண்டை, பாயசத்துக்கு வெல்லம் என்று மாறிவிட்டோம். சாக்லேட் வாங்கித் தருவதே இல்லை. அப்படியிருந்தும் ஒன்பது வயது மகனுக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்கள் இரண்டிலும் பூச்சி விழுந்திருக்கிறது. "இனிப்பைக் குறையுங்கள்" என்கிறார் மருத்துவர். இல்லாத இனிப்பை எப்படிக் குறைப்பது? விழுந்து முளைக்கும் பல்தானே என்று விட்டுவிடலாமா?
– வாசகி, மதுரை

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதுதான் அவசரமானது. கீழ்வரிசையின் கடைசியில் இருக்கும் பற்கள் என்றால், ஒன்பது வயதில் அவை பெரும்பாலும் பால் பற்களாக இருக்க மாட்டா. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் பின்னால் ஓசையின்றி முளைக்கும் நிலைப்பற்கள் அவை. எதுவும் விழாததால் இவையும் பால் பற்களே என்று பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள்; "விழுந்து முளைக்கட்டும்" என்று விட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் பிள்ளையை வேர் சிகிச்சைக்கு அழைத்து வருபவர்களை நான் மாதந்தோறும் பார்க்கிறேன். ஆகவே இந்த இரண்டு பற்களையும் உடனே அடைத்துவிடுங்கள். மேல்வரிசையிலுள்ள இணைப் பற்கள் இன்னும் கெடாமலிருந்தால், அவற்றின் ஆழமான பள்ளங்களை மூடும் பூச்சு ஒன்று உண்டு; பல்லைச் சற்றும் குடையாமல் சில நிமிடங்களில் போட்டுவிடலாம்.

இனி இனிப்புக்கு வருவோம். பூச்சிப்பல் என்று சொன்னாலும் அதில் பூச்சியோ புழுவோ கிடையாது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் புழு உதிரும் என்று முன்பு நம்பினார்கள். கிராமத்திலிருந்து வரும் முதியவர்கள் சிலர் இன்றும் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையில் நடப்பது வேறு. பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் படிந்துகொண்டே இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் வெண்மையாக ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். அதில் வாழும் நுண்ணுயிரிகள் நாம் உண்ணும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றுகின்றன. பல்லின் மேலோடான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் 96 விழுக்காடு வரை தாது உப்புகளால் ஆனது. ஆயினும் படலத்தின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் அந்தத் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. (பி.எச். என்பது அமிலத்தை அளக்கும் குறியீடு. 7 என்பது நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்.) சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் இந்த இறக்கம் நிகழ்ந்துவிடும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, அடக்கி, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்து இழப்பைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அமெரிக்கரான ராபர்ட் ஸ்டீபன் 1940-களில் அளந்து காட்டிய இந்த ஏற்ற இறக்கம் இன்றும் பல் மருத்துவ மாணவர்களின் முதல் பாடங்களில் ஒன்றாக இருக்கிறது.

இந்தக் கணக்கில் கருப்பட்டிக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். அவற்றில் கூடுதலாக உள்ள சிறிதளவு தாதுக்களால் உடம்புக்கு நன்மை உண்டா என்பது வேறு விவாதம். பல் படலத்தில் இருக்கும் நுண்ணுயிரி நிறம் பார்த்து உண்பதில்லை. தேன், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு ஆகியவற்றுக்கும் இதுவே விடை. கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் இன்னொரு படி மேலே போகின்றன: கடலையும் எள்ளும் பல்லுக்குப் பகையல்ல, ஆனால் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பாகு கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு வெகுநேரம் கரைந்துகொண்டே இருக்கும். எளிதில் விழுங்கப்படும் ஒரு கரண்டிப் பாயசத்தைவிட அது பல்லுக்குக் கெடுதல்.

எனவே தங்கள் மகன் எவ்வளவு இனிப்பு உண்கிறான் என்பதற்கு முன்னால், ஒரு நாளில் எத்தனை முறை உண்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் கருப்பட்டிப் பால், பள்ளி இடைவேளையில் மிட்டாய், அதில் மிச்சம் வைத்த துண்டு வேனில் திரும்பும்போது, மாலையில் மறுபடியும் பாலும் பிஸ்கட்டும், படுக்கப் போகும்முன் ஒரு தம்ளர் என்று ஐந்து முறை வந்தால், முறைக்கு நாற்பது நிமிடம் வீதம் மூன்று மணி நேரத்துக்கு மேல் அவன் பற்கள் அமிலத்தில் கிடக்கின்றன. அதே அளவு இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வேளையில் உண்டுவிட்டால் உமிழ்நீருக்கு ஓய்வும் பல்லுக்கு மீட்சியும் கிடைக்கும்.

இதற்குச் சான்று தந்த ஆய்வு ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாகவே இருக்கும். சுவீடனில் லுண்டு நகரத்தை ஒட்டிய விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945-ல் தொடங்கி, அறிவுவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு அவர்களுடைய ஒப்புதல் இன்றியே விதவிதமாக இனிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24 டாபிகள் வரை தரப்பட்டன. சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் சொத்தை அதிகம் கூடவில்லை என்பதும், சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே தின்ற ஒட்டும் மிட்டாயால் மளமளவென்று கூடியது என்பதும் அதில் வெளிப்பட்டன. இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத அந்தச் சோதனையின் முடிவைத்தான் உலகெங்கும் பல் மருத்துவர்கள் அறிவுரையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கடலைமிட்டாயை அடியோடு நிறுத்த வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்த உடனே ஒன்று தின்னட்டும், தின்றதும் வாய் கொப்புளிக்கட்டும். இடைவேளைக்கு வறுகடலை, அவித்த சுண்டல், தேங்காய்ச் சில்லு, கொய்யா ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்தனுப்பலாம். இரவில் பால் குடித்த பிறகு பல் துலக்காமல் படுக்க விடாதீர்கள்.

எனக்கு 66 வயது. எங்கள் ஊர் வழக்கப்படி வெறுந்தேநீரில் சீனி போடாமல், பனங்கட்டித் துண்டை வாயில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பேன். நாளுக்கு ஆறு தரம் ஆகிவிடும். அண்மைக் காலமாகப் பல்லின் அடிப்பகுதியில், ஈறை ஒட்டிக் கறுத்துக் குழி விழுகிறது. தேயிலைச் சாயமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

சாயமாக இருந்தால் குழி விழாது. தேயிலையிலுள்ள டானின் பல்லின் மேல் பழுப்பாகப் படியுமே தவிர, பல்லை அரிக்காது; சீனி சேராத தேநீர் பல்லுக்குத் தீங்கு அதிகம் செய்யாத பானம் என்றே சொல்லலாம். தங்களுக்கு வந்திருப்பது வேர்ச்சொத்தை. வயது ஏற ஏற ஈறு கீழே இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது. வேரின் மேல் எனாமல் கிடையாது, அது 5.5 வரை காத்திராமல், 6-க்குச் சற்று மேலான பி.எச். அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பனங்கட்டியை ஒதுக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சுவைப்பது, அதையும் நாளுக்கு ஆறு தரம் செய்வது, குழி விழ வேண்டிய இடத்திலேயே மருந்து வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

பனங்கட்டியின் சுவையைத் தெரிந்தவரிடம் அதை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிதல்ல. காலை உணவோடு ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் வெறுந்தேநீராகவே குடித்துப் பழகுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ மன அமைதிக்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் அதையும் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றில் பல உமிழ்நீரைக் குறைப்பவை. ஃப்ளூரைடு கலந்த பற்பசையால் இரவில் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, அதன்பின் தண்ணீரால் கொப்புளிக்காமல் அப்படியே படுத்துக்கொள்வது வேர்ச்சொத்தைக்கு நல்ல தடுப்பு.

எடையைக் குறைப்பதற்காக ஓராண்டாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்து குடிக்கிறேன். அதைக் குடித்ததும் பல் துலக்கிவிட்டு நடைப்பயிற்சிக்குப் போவேன். இப்போது ஐஸ் தண்ணீர் மட்டுமல்ல, வேகமாக மூச்சிழுத்தாலே பல் கூசுகிறது. பல்லில் சொத்தை எதுவும் இல்லை என்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

சொத்தை இல்லாமலேயே பல் கரைய முடியும் என்பதற்குத் தங்கள் கடிதம் நல்ல எடுத்துக்காட்டு. சொத்தையில் அமிலத்தை உண்டாக்குவது நுண்ணுயிரி. இங்கே அமிலத்தைத் தாங்களே தம்ளரில் ஊற்றிக் குடிக்கிறீர்கள். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்குச் சற்று மேலே; நீர் கலந்தாலும் 3-ஐ ஒட்டியே நிற்கும். பி.எச். கணக்கில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதை நினைவில் கொண்டால், 5.5 என்ற எல்லையிலிருந்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விளங்கும். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அது கால்சியத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும். போதாததற்கு, காலையில் எழுந்த உடன் வாய் வறண்டிருக்கும், உமிழ்நீர் இன்னும் சுரக்கத் தொடங்கியிராது.

குடித்த உடனே துலக்குவதுதான் தங்கள் வழக்கத்தில் மிகப் பெரிய பிழை. அமிலம் பட்ட எனாமலின் மேற்பரப்பு சிறிது நேரம் மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் தூரிகை பட்டால் அது தேய்ந்தே போகும். எனாமலை உருவாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால் போனது திரும்பி வளராது. மேலோடு மெலிந்து உள்ளிருக்கும் டென்டின் வெளிப்பட்டதும், அதிலுள்ள நுண்ணிய குழல்கள் வழியாகக் குளிரும் காற்றும் நரம்பைத் தொடுகின்றன. அதைத்தான் கூச்சம் என்கிறோம்.

எலுமிச்சை நீர் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதால், வெந்நீரை மட்டும் குடித்தாலும் தாங்கள் இழப்பது ஒன்றுமில்லை. விட மனமில்லையென்றால் காலை உணவோடு சேர்த்து, வாயில் வைத்து ஊறவிடாமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெறும் தண்ணீரால் கொப்புளியுங்கள். பல் துலக்குவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்; இல்லையேல் ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். தூரிகை மிருதுவானதாக இருக்கட்டும். கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் மாற்றம் இல்லையென்று விட்டுவிட வேண்டாம்.

புளிக்குழம்பும் ரசமும் அமிலம்தானே என்று இதே ஊரிலிருந்து இன்னொருவர் கேட்டிருக்கிறார். புளி அமிலம்தான், ஆனால் அதைச் சோற்றோடு பிசைந்து, பருப்போடும் நெய்யோடும் மென்று, உமிழ்நீர் நன்றாகச் சுரந்துகொண்டிருக்கும்போது விழுங்குகிறோம். ரசத்தைத் தம்ளரில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உறிஞ்சுபவர்கள் மட்டும் கவலைப்பட்டால் போதும்.

டயட் கோலாவில் சர்க்கரை இல்லையே, அது பல்லுக்கு நல்லதுதானே?
– கல்லூரி மாணவர், திருச்சி

நல்லது அல்ல, சாதாரண கோலாவைவிடக் கெடுதல் குறைவு, அவ்வளவுதான். 300 மி.லி. சாதாரண கோலாவில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒருவர் நாள் முழுவதும் உட்கொள்ளும் தனிச் சர்க்கரை (உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சர்க்கரையும், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையும்) 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டலிலிருந்து வரும் கணக்கு. டயட் வகையில் இந்தச் சர்க்கரை இல்லாததால் சொத்தை பயம் குறைகிறது. ஆனால் பாஸ்பாரிக் அமிலம் அதிலும் இருக்கிறது, அதன் பி.எச். 3-ஐ ஒட்டியதுதான். மடிக்கணினி பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சிறிது சிறிதாகக் குடிப்பவருடைய முன்பற்களின் ஓரம் கண்ணாடிபோல் மெலிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றரை வயதுப் பேத்திக்கு இரவில் பால் புட்டியை வாயில் வைத்தால்தான் தூக்கம் வருகிறது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பாகிப் பொடிப்பொடியாக உதிர்கின்றன, கீழ்ப்பற்கள் நன்றாகவே இருக்கின்றன. கால்சியம் குறைவு என்கிறார்கள் அக்கம்பக்கத்தார்.
– ஒரு பாட்டி, திருநெல்வேலி

அம்மா, கால்சியம் குறைவாக இருந்தால் மேல்வரிசை மட்டும் ஏன் கெட வேண்டும்? குழந்தை புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களின் மேல் படிந்து அவற்றை மூடிக்கொள்கிறது. பால் தேங்குவது மேல் முன்பற்களைச் சுற்றித்தான். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், தேங்கிய பாலைக் கழுவ எதுவும் இல்லை. பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் மற்ற சர்க்கரைகளைவிடச் சாதுவானதுதான். ஆனால் புட்டிப் பாலில் ஒரு கரண்டிச் சர்க்கரையோ கற்கண்டோ சேர்க்காத வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் யாரும் தூங்க முடியாது. முதலில் சர்க்கரையை நிறுத்துங்கள். பிறகு ஒவ்வோர் இரவும் பாலில் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் புட்டியில் வெறும் தண்ணீர் மட்டுமே இருக்கும்படி செய்துவிடலாம். பகலில் பாலைத் தம்ளரில் பழக்குங்கள். அரிசி மணியளவு ஃப்ளூரைடு பற்பசையை வைத்துப் பெரியவர்களே இரவில் துலக்கிவிட வேண்டும். உதிரும் பற்களைக் குழந்தைகள் பல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். சீழ் பிடித்தால் அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லையும் அது பாதிக்கும்.

என் பற்களில் சிறு வயதிலிருந்தே மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் உள்ளன. எங்கள் தெருவில் பலருக்கும் இப்படித்தான். காபி, டீ குடிப்பதால் வந்தது என்று கல்லூரித் தோழிகள் கேலி செய்கிறார்கள். எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போகுமா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

தேய்க்காதீர்கள், கறை போகாது, எனாமல்தான் போகும். தங்கள் பல்லைக் கறைப்படுத்தியது காபியோ டீயோ அல்ல, தாங்கள் குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பாறைகளிலிருந்து கரைந்துவரும் ஃப்ளூரைடு பல இடங்களில் அளவுக்கு மீறி இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். எட்டு வயது வரை, அதாவது நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும்போது, இதற்கு மேல் ஃப்ளூரைடு சேர்ந்தால் எனாமல் குறைபாட்டோடு உருவாகி, பின்னர் அதில் பழுப்பு ஏறுகிறது. ஆகவே கறை மேலே ஒட்டியிருப்பதன்று, உள்ளேயே இருப்பது.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரிலும் இதே கறை இருந்தது. 1901-ல் அங்கே தொழில் தொடங்கிய பிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் காரணத்தைத் தேடத் தொடங்கினார்; தண்ணீரிலுள்ள ஃப்ளூரைடு என்று உறுதியாக 1931 ஆகிவிட்டது. அந்தக் கறைபட்ட பற்களில் சொத்தை குறைவு என்பதை அவர் கவனித்திருந்தார். பற்பசையில் ஃப்ளூரைடு வந்து சேர்ந்த கதை அங்கிருந்துதான் கிளைக்கிறது. தங்கள் தோழிகளின் பற்பசையில் இருப்பதும், தங்கள் ஊர்க் கிணற்றில் மிகையாக இருந்ததும் ஒரே பொருள். வேறுபாடு அளவில் இருக்கிறது, விழுங்குவதில் இருக்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது இந்தச் சிக்கலுக்காகவே. வீட்டில் இளைய பிள்ளைகள் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அந்தக் காவிரி நீரையே பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தங்கள் பற்களுக்கு, லேசான கறையாக இருந்தால் மேற்பரப்பை மெல்லச் சீவி மெருகேற்றும் முறையும், அழுத்தமான கறையாக இருந்தால் பல் நிறப் பூச்சும் உண்டு. அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம்.

ஐம்பது ஆண்டுகளாகச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை பாக்கு போடுகிறேன். புகையிலையைத் தொட்டதில்லை. ஒரு பல்லில்கூடச் சொத்தை இல்லை. ஆனால் சமீபமாக ரசத்திலுள்ள மிளகுகூட வாயை எரிக்கிறது. வெற்றிலை நல்லதா, கெட்டதா?
– வாசகர், கும்பகோணம்

வெற்றிலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் பாக்கின் மேல். சொத்தை வராததைப் பாக்கின் புண்ணியக் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. அதே பாக்கு பல்லைத் தேய்த்து மட்டமாக்குகிறது, சுண்ணாம்போடு சேர்ந்து ஈறை அரிக்கிறது. அதைவிடப் பெரிது, கன்னத்தின் உட்புறத் தசை நாரேறி இறுகிப்போகும் நோய். காரம் தாங்காமல் வாய் எரிவது அதன் தொடக்க அறிகுறிகளில் ஒன்று. புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையிலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

கண்ணாடி முன் நின்று வாயை முழுதாகத் திறந்து, தங்கள் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, கன்னத்தின் உள்ளே வெளுத்துக் கயிறுபோல் தட்டுப்பட்டாலோ, அடுத்த தாம்பூலத்துக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றாலும் எரிச்சலுக்காக ஒருமுறை காட்டிவிடுவது நல்லது; பாக்கை இன்றே நிறுத்திவிடுங்கள்.

கரும்பைக் கடித்துத் தின்றால் பல் சுத்தமாகும் என்கிறார் தாத்தா. சரியா?
– பத்தாம் வகுப்பு மாணவி, சேலம்

பாதி சரி. நாரை மெல்லும்போது உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும், அது பல்லுக்கு நல்லது. ஆனால் மெல்லும்போது வாயில் நிறைவது சர்க்கரைச் சாறு. பல்லிடுக்கிலும் ஈறோரத்திலும் உள்ள படலத்தை எந்த நாரும் துடைத்தெடுக்காது. தின்று முடித்ததும் வாய் கொப்புளித்துவிட்டால் உனக்கு ஒன்றும் ஆகாது. தாத்தாவுக்கு அடைத்த பல்லோ, வேர் சிகிச்சை செய்து உறை போடாத பல்லோ இருந்தால், அவருக்கு மட்டும் கணுவை நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடு. பொங்கல் முடிந்த வாரத்தில் பல் விண்டு எங்களிடம் வருபவர்களில் கணுவைக் கடித்தவர்களே அதிகம்.